பொங்கல் வாழ்த்து அட்டை: ஸ்டேஷனரிக் கடையில் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி விட்டால் பொங்கலுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கும் அத்தை, சித்தப்பா வீடுகளுக்கும் பிள்ளையோடு உட்கார்ந்து வாழ்த்து அட்டை செய்து தபாலில் அனுப்ப அது தாராளமான அவகாசம். "எனக்குக் கைவேலையே வராது" என்கிற பெற்றோர் பெரும்பாலும் தடுக்கி விழுவது ஸ்டேஷனரிக் கடை வாசலில்தான். வழவழப்பான தாளை வாங்கிவிடுவார்கள், கலர் ஒட்டாது. தண்ணீர்ப் பசை வாங்குவார்கள், அட்டை அப்பளம் போல வளைந்துவிடும். மீதிப் பேர் விலை கொடுத்து ஒரு 'கிட்' வாங்கி, பத்து நிமிடத்தில் வேலை முடிந்து, பிள்ளை "அடுத்து என்ன?" என்று கேட்கும்.

பிள்ளைக்கு 4 முதல் 9 வயது, கூட உட்காரும் பெரியவருக்கு நேர்கோடு போடுவதே சிரமம், செய்ய வேண்டியது 16 அட்டை. இந்தக் கணக்கை வைத்துத்தான் கீழே ஒவ்வொரு பொருளையும் எடைபோட்டிருக்கிறது. பார்த்தது மூன்றே விஷயம். பிள்ளை தானாகச் செய்ய முடிகிறதா? தப்பு நேர்ந்தால் அட்டை தாங்கிக்கொள்கிறதா? 5 ரூபாய்த் தபால்தலையில் நசுங்காமல் போய்ச் சேருமா?

தாள்: சாதாரண சார்ட்டே போதும்

பள்ளி புராஜெக்டுக்கு வாங்கும் அதே சார்ட் பேப்பர்தான் முதலிடம். வழக்கமான சார்ட் 22 அங்குலத்துக்கு 28 அங்குலம். இந்த அளவில் ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது. 22-ஐ இரண்டு முறை பாதியாக்கினால் 5.5. 28-ஐ இரண்டு முறை பாதியாக்கினால் 7. ஆக, ஸ்கேலே இல்லாமல், பாதி பாதியாக மடித்து வெட்டிக்கொண்டே போனால் 7க்கு 5.5 அங்குலத்தில் சரியாக 16 துண்டு கிடைக்கும். ஒரு கீற்றுகூட வீணாகாது. ஒவ்வொரு துண்டையும் நடுவில் மடித்தால் 5.5க்கு 3.5 அங்குல அட்டை. தபால் நிலையத்தில் விற்கும் அஞ்சலட்டையும் கிட்டத்தட்ட இதே அளவுதான், 14க்கு 9 சென்டிமீட்டர். பிள்ளையின் கைக்கும் அது அடக்கமான அளவு.

வெட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். நான்கு மடிப்பையும் போட்டுவிட்டு ஒரேயடியாகக் கத்தரி வைத்தால், உள்ளே இருக்கும் மடிப்புகள் தள்ளிப்போய் துண்டுகள் ஆளுக்கொரு அளவில் வரும். ஒரு முறை மடி, நகத்தால் அழுத்தி நீவு, வெட்டு. அதன் பிறகு அடுத்த மடிப்பு. கத்தரியைவிட மடிப்புக்குள் ஒரு ஸ்டீல் ஸ்கேலையோ மழுங்கின கத்தியையோ விட்டு இழுப்பது நேராக வரும். மடிப்பை நீவும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள், கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும்.

கடையில் சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுத்தான் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் ரப்பரைக் கழற்றி, மெத்தைக்கு அடியில் ஒரு ராத்திரி விரித்து வையுங்கள். சுருண்ட சார்ட்டில் வேலை தொடங்கினால் பெயின்ட் காயும்போது இன்னும் சுருளும். நிறம் என்று பார்த்தால் வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, கரும்பச்சையோ கருநீலமோ ஒன்று. 16 அட்டைக்கு ஒரு சார்ட்டே போதும் என்றாலும், பொங்கி வழியும் பால் வெள்ளைத் தாளில் தெரியாது, கோலத்துக்கும் அடர்ந்த நிறம் வேண்டும். ரேடியம் கலர் என்று கேட்டால் கொடுக்கும் பளிச்சென்ற சார்ட்டைத் தவிர்ப்பது நல்லது. பல சார்ட்டுகளில் ஒரு பக்கம் பளபளப்பும் மறுபக்கம் மங்கலுமாக இருக்கும். விரல் நுனியால் தேய்த்துப் பார்த்து, சற்றே சொரசொரப்பான பக்கத்தை அட்டையின் வெளிப்பக்கமாக வையுங்கள். கலர் பிடிப்பது அந்தப் பக்கத்தில்தான்.

"கெட்டியான தாள் வேண்டும்" என்று கேட்டால் 250, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) ஐவரி தாளை ஏ4 அளவில் எடுத்துக் கொடுப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் முழுத் தாளை ஒரே மடிப்பாக மடித்து அட்டை செய்தால் இரண்டு சிக்கல். முதலாவது எடை. ஏ4 என்பது ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 250 ஜிஎஸ்எம் என்றால் ஒரு தாள் 15.6 கிராம். அதற்கேற்ற பெரிய கவரையும் சேர்த்தால் 20 கிராமைத் தாண்டிவிடும், 5 ரூபாய்த் தபால்தலை போதாது. இரண்டாவது மடிப்பு. தாளுக்கும் மரத்தைப் போல நார் ஓட்டம் உண்டு. ஏ4-இல் பெரும்பாலும் அது நீளவாக்கில் ஓடும். முழுத் தாளைப் பாதியாக மடிக்கும்போது மடிப்புக்கோடு நாருக்குக் குறுக்கே விழுவதால் வெடித்து, வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். அதே தாளை முதலில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் மடிப்பு நாரோடு போகும். பொரியாது, எடையும் 8 கிராமுக்குள் நிற்கும். ஐவரி தாளே வேண்டும் என்பவர்கள் இந்தப் பாதி அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். மடிப்பதற்கு முன் ஸ்கேலை வைத்து, எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு முறை அழுத்திக் கோடு இழுங்கள். அந்தப் பள்ளத்தில் மடிப்பு தானாக உட்காரும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வழி. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் வியாபாரமும் கல்யாணப் பத்திரிகை வியாபாரமும் வரிசையாக நடக்கிறது. வகுப்பு முழுவதற்கும் என்று 50, 60 அட்டை செய்பவர்கள் அங்கே போனால் ஜிஎஸ்எம் சொல்லித் தாள் வாங்கலாம், பொருந்தும் கவரும் அதே தெருவில் கிடைக்கும். 16 அட்டைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். மற்ற ஊர்களில் பக்கத்து அச்சகத்தில் கேட்டுப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை அடித்து மீந்த வெட்டுத்துண்டுகள் அங்கே கிடக்கும், நல்ல கெட்டித் தாளாகவே இருக்கும்.

எதையும் பூசுவதற்கு முன் எழுதிவிடுங்கள்

வரிசையில் பெரும்பாலோர் தவறுவது இங்கே. அழகாகப் படம் அச்சிட்டு, காயவைத்து, கடைசியில் பிள்ளையை எழுதச் சொல்வார்கள். ஒரு எழுத்து பிசகினால் முழு அட்டையும் போச்சு என்று வீட்டில் சண்டை. வெறும் தாளாக இருக்கும்போதே உள்பக்கம் எழுதிவிட்டால், பிசகினாலும் ஒரு சார்ட் துண்டோடு போகும்.

என்ன எழுதுவது? "இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" என்பதில் 15 எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது மலை. "பொங்கலோ பொங்கல்" என்றால் எட்டே எழுத்து. அதிலும் பொ, ங், க, லோ, ல் என்று ஐந்து எழுத்து தெரிந்தால் போதும், மீதி திரும்ப வருவதுதான். கொம்பும் காலும் சேர்ந்த 'பொ' ஒன்றே மூன்று எழுத்தின் அகலத்தைப் பிடிக்கும். பிள்ளைகள் அதை எதிர்பாராமல் எழுதி, கடைசி 'ல்' தாளின் ஓரத்தில் நசுங்கும். அதனால் இரண்டு சொல்லையும் இரண்டு வரியாக எழுத வையுங்கள், பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக் கொடுங்கள். நீங்களே எழுதிக் கொடுத்து மேலே தடவ வைக்க வேண்டாம். தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுவது அந்தக் கோணல் எழுத்தைத்தான்.

பேனாவைப் பொறுத்தவரை சாதாரண பால்பாயின்ட் அல்லது கலர் பென்சில். ஸ்கெட்ச் பேனா தண்ணீர்ச் சாயம். பின்னால் ஈரக்கை பட்டால் ஓடிவிடும், மெல்லிய தாளில் மறுபக்கமும் தெரியும். அவுட்லைன் போட மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஜெல் பேனா அழகு, ஆனால் இடது கையால் எழுதும் பிள்ளை என்றால் எழுதிய வரி மேலேயே கை போய் எல்லாம் இழுபடும்.

கலர்: போஸ்டர் கலரும் முற்றிய வெண்டைக்காயும்

கடை அலமாரியில் வாட்டர் கலர் கேக், போஸ்டர் கலர் புட்டி, துணிக்குப் பூசும் அக்ரிலிக், கிரேயான், ஆயில் பேஸ்டல் என்று ஐந்து வகை நிற்கும். கைவேலை வராத வீட்டுக்குப் போஸ்டர் கலர்தான் சரி. வாட்டர் கலர் கேக்குக்குப் பிரஷும் தண்ணீரும் நிறைய வேண்டும், சார்ட் அந்த ஈரத்தைத் தாங்காது. ஃபெவிக்ரில் போன்ற அக்ரிலிக் நன்றாகப் பிடிக்கும், காய்ந்தால் தண்ணீரில் கரையாது. அந்தக் குணமே பள்ளிச் சட்டையில் பட்டுவிட்டால் தொல்லை. ஆயில் பேஸ்டலின் நிறம் கண்ணைப் பறிக்கும், ஆனால் காயவே காயாது. கவருக்குள் உரசி எதிர்ப்பக்கமெல்லாம் அப்பும். கிரேயான் நல்ல பிள்ளை, எந்தக் குழப்பமும் செய்யாது. பளபளப்பான பக்கத்தில் மட்டும் வழுக்கும்.

போஸ்டர் கலரில் 12 நிறப் பெட்டி தேவையில்லை. கேமல் மாதிரியான கம்பெனிகளின் புட்டி பல கடைகளில் ஒவ்வொன்றாகவும் கிடைக்கும். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என ஐந்து போதும். மூன்று பங்கு மஞ்சளுக்கு ஒரு பங்கு சிவப்பு சேர்த்தால் பானை நிறம். சிவப்பில் துளி நீலம் கலந்தால் பொங்கல் கரும்பின் கருஞ்சிவப்பு. வாங்கும்போது புட்டியைச் சாய்த்துப் பாருங்கள், அசையாமல் கட்டியாக நின்றால் பழைய சரக்கு.

இதைப் பிரஷால் பூசச் சொல்லவில்லை. காய்கறி அச்சுதான் வரையத் தெரியாதவர்களுக்கு வாய்த்த வழி. படம் காயிலேயே இருக்கிறது. பிள்ளை அழுத்தினால் வந்துவிடும்.

வெண்டைக்காயில் தொடங்குங்கள். குறுக்கே வெட்டினால் ஐந்து அறையோடு பூ மாதிரி இருக்கும். சந்தையில் நுனியை ஒடித்துப் பார்த்து, ஒடியாததை ஒதுக்குவோமே, அந்த முற்றிய காய்தான் இங்கே வேண்டும். இளங்காய் அழுத்தினால் நசுங்கும், கொழகொழப்பும் அதிகம். அந்தக் கொழகொழப்புப் படிந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காது, பூவில் ஓரிரு இதழ் காணாமல் போகும். அதனால் வெட்டியதும் வெட்டுவாயை டிஷ்யூவில் ஒற்றி, கால் மணி நேரம் காற்றாட வையுங்கள். காம்புப் பக்கம் இரண்டு அங்குலமாவது விட்டு வெட்டினால் பிள்ளைக்குப் பிடிக்க வாகாக இருக்கும். கூர்மையான கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். அறுத்து அறுத்து வெட்டினால் முகம் சாய்ந்து, பாதிப் பூதான் பதியும்.

கலரைக் காய்க்கு எடுத்துக் கொடுக்க ஸ்டாம்ப் பேட் மாதிரி ஒன்று வேண்டும். பழைய டிபன் பாக்ஸ் மூடியில் நான்காக மடித்த பனியன் துணியை வைத்து, அரை டீஸ்பூன் போஸ்டர் கலர், நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்துவிடுங்கள். பதம் கெட்டித் தயிர். மோராகிவிட்டால் இதழெல்லாம் ஒன்றாக ஓடிக் கலந்துவிடும். காயைத் துணியில் ஒற்றி, முதல் அச்சைப் பழைய செய்தித்தாளில் வையுங்கள். முதலாவது எப்போதும் அப்பிக்கொண்டு வரும். இரண்டாவதும் மூன்றாவதும் அட்டைக்கு. நான்காவது மங்கும், திரும்ப ஒற்ற வேண்டும். "வை, ஒண்ணு ரெண்டு எண்ணு, நேரா மேலே தூக்கு." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தால் நான்கு வயதுப் பிள்ளையும் தெளிவாக அச்சு வைக்கும். இழுபட்ட பூ வருவது தூக்கும்போது கை சரிவதால்தான். அப்படி வந்த பூவைத் துடைக்கப் பார்க்காமல், காயவிட்டு அதன் மேலேயே வேறு நிறத்தில் இன்னொரு பூ வைத்தால் தப்பே தெரியாது. கிறிஸ்துமஸ் அட்டைக்கு இதே வெண்டைக்காய் மஞ்சளில் நட்சத்திரம்.

பானைக்கு உருளைக்கிழங்கு. இரண்டு அங்குல அகலமுள்ள சிறிய கிழங்கை நீளவாக்கில் பாதியாக்கினால் பானையின் வயிறு தயார், செதுக்கவே வேண்டாம். வெட்டுவாயில் மாவுத்தண்ணீர் கசியும், இரண்டு முறை ஒற்றி எடுங்கள், இல்லையென்றால் நடுவில் திட்டுத்திட்டாக வரும். ஈரக்கிழங்கு சின்னக் கைக்கு வழுக்கும், பின்பக்கம் ஒரு முள்கரண்டியைக் குத்திக் கொடுத்தால் கைப்பிடி. கழுத்துக்கும் கரும்புக்கும் கேரட். 2.5 செ.மீ. நீளம், ஒரு விரலில் பாதி கனம் இருக்கும் ஒரு துண்டைப் படுக்கவைத்து ஒற்றினால் பானைக் கழுத்து. அதையே செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு முறை, நூலிழை இடைவெளி விட்டு ஒற்றினால் கரும்பு. அந்த இடைவெளிதான் கணு. அட்டையின் அகலம் 3.5 அங்குலம், பானை 2 அங்குலம், ஆக இரு பக்கமும் கரும்புக்கு முக்கால் அங்குலம் மிஞ்சும். மஞ்சள் கொத்துக்குப் பச்சையில் பெருவிரல் ரேகை மூன்று. பால் பொங்குவதற்கு வெள்ளையைத் தண்ணீர் கலக்காமல் சுண்டுவிரலில் தொட்டு, பானை வாயிலிருந்து வழிவதைப் போல ஐந்தாறு புள்ளி.

பொங்கலுக்கு முந்தைய நாட்களில் வாழை மட்டை எங்கும் கிடைக்கும். இலைக் காம்பைக் குறுக்கே வெட்டினால் பிறைபோல, உள்ளே கட்டம் கட்டமாகக் காற்றறைகளோடு இருக்கும். ஓரப்பட்டி வைக்க அதைவிட நல்ல அச்சு விலைக்குக் கிடைக்காது. ஆனால் வாழைக்கறை துணியில் பட்டால் போகவே போகாது. மட்டையை வெட்டி அரை மணி நேரம் வடியவிட்டு, பிள்ளைக்குப் பழைய சட்டையைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

16 அட்டையையும் ஒரே நிறத்தில் முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போக வேண்டும். மஞ்சள், பானை நிறம், பச்சை, கருஞ்சிவப்பு, கடைசியில் வெள்ளை. கடைசி அட்டைக்கு வருவதற்குள் முதலாவது காயத் தொடங்கியிருக்கும். ஆனால் மார்கழிப் பனியில் சாயங்காலம் வேலை வைத்தால் அரை மணியில் காய வேண்டியது ஒரு மணிக்கு மேல் இழுக்கும். பகலில் செய்யுங்கள். மின்விசிறி வேண்டாம், அட்டைகள் பறந்து ஒன்றின்மேல் ஒன்று விழும். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும், ஆகவே ஈரக்கையோடு அடுக்கக் கூடாது. பெயின்ட் பட்ட காய்களைச் சமையலுக்கு எடுக்காமல் போட்டுவிடுங்கள்.

கோலம்

வரையவே வராது என்று சொல்லும் பல அம்மாக்களும் பாட்டிகளும் வாசலில் பத்துப் புள்ளிக் கோலத்தைச் சிக்கில்லாமல் போடுகிறவர்கள். அந்தக் கை வரையத் தெரிந்த கைதான். கருநீலச் சார்ட்டில், வெள்ளைப் போஸ்டர் கலரைத் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையில் தொட்டு, 1.5 செ.மீ. இடைவெளியில் ஐந்துக்கு ஐந்து நேர்புள்ளி வைத்தால் 6 செ.மீ. சதுரத்தில் அடங்கிவிடும், அட்டையின் அகலம் 9 செ.மீ. என்பதால் ஓரமும் நிற்கும். புள்ளி வைப்பது பிள்ளை, சுற்றி வளைப்பது பெரியவர். எட்டு வயதுக்கு மேல் என்றால் இரண்டையும் பிள்ளையே செய்யும். காது குடையும் பட்ஸ் இந்த அளவுக்குப் பெரிது, புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். கோட்டுக்கு வெள்ளை ஜெல் பேனா பரவாயில்லை, புள்ளி முழுதாகக் காய்ந்த பிறகு மட்டும். ஈரப் புள்ளியில் முனை பட்டால் அடைத்துக்கொண்டு எழுதாது. வெள்ளைக் கலர் பென்சில் வாங்க வேண்டாம், தெரியவே தெரியாது.

பசை

தாளோடு தாள் ஒட்ட ஃபெவிஸ்டிக் போன்ற குச்சிப் பசைதான். ஈரம் குறைவு, அட்டை வளையாது, தப்பாக ஒட்டினாலும் உடனே பிரித்து மாற்றலாம். மூடியை இறுக்கி மூடாவிட்டால் ஓரிரு நாளில் காய்ந்து தூளாக உதிரும். மூடுவதைப் பிள்ளையின் பொறுப்பாக்குங்கள். ஃபெவிகால் எம்.ஆர். மாதிரியான வெள்ளைப் பசை மணி, பொட்டு, ஊல் நூல் போன்றவற்றுக்கு. துளியைத் தீக்குச்சியில் தொட்டு வைக்க வேண்டும். புட்டியை நேராகப் பிதுக்கினால் தேவைக்குப் பத்து மடங்கு விழும், தாள் ஈரத்தில் ஊறி நெளியும், கண்ணாடி போலக் காயவும் மணிக்கணக்காகும். டப்பாவில் வரும் கோந்தும் அதே கதை. செல்லோ டேப்பை அட்டையின் முகத்தில் ஒட்ட வேண்டாம். பெரியவர் கைக்கு டபுள் சைடு டேப் மிக நல்ல துணை, ஆனால் அதன் மேல்தாளை உரிப்பது சின்ன நகத்துக்கு வராது. கால் அங்குல அகலம் போதும்.

வாங்க வேண்டாம் என்று சொல்லக்கூடியவை

ஜிகினாத்தூள் பொட்டலம். கண்ணில் பட்டால் உறுத்தும், பாயிலும் சோற்றுத்தட்டிலும் வந்து நிற்கும், கவரைப் பிரித்ததும் பாட்டி மடியில் கொட்டும். மினுமினுப்பு வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால் டியூபில் வரும் ஜிகினாப் பசை; மெல்லிய கோடாக இழுத்து ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். இல்லையென்றால் ஜிகினா பேப்பரை வெட்டி ஒட்டலாம்.

அரிசி, பருப்பு, நெல் ஒட்டுவது பொங்கலுக்குப் பொருத்தமாகத் தோன்றும். பள்ளிக் கண்காட்சிக்குச் சரி, தபாலுக்கு ஆகாது. எடை கூடும், முத்திரை குத்தும் இடத்தில் நொறுங்கும், வண்டும் வைக்கும். நெற்கதிர் வேண்டுமென்றால் விரல்நுனி அச்சை மஞ்சளில் இரு பக்கமும் சாய்வாக வைத்தாலே கதிர் வந்துவிடும்.

இனி அந்த அட்டை செய்யும் கிட். ஆன்லைனிலும் பெரிய கடைகளிலும் கிடைக்கும் கிட்களில் பெரும்பாலானவற்றில் பனிமனிதன், கலைமான், பலூன், கேக் என்று வெட்டிவைத்த ஃபோம் ஸ்டிக்கர்கள்தான். பானையோ கரும்போ மாடோ இருக்காது. வெட்டுவதும் வரைவதும் முன்பே முடிந்துவிட்டதால் பிள்ளைக்கு மிஞ்சுவது உரித்து ஒட்டும் வேலை மட்டும். ஃபோம் கனத்தில் அட்டை தடிமனாகி, சாதாரணக் கவருக்குள் புடைத்து நிற்கும். பிறந்தநாள் விருந்தில் பத்துப் பிள்ளைகளை அரை மணி உட்காரவைக்க என்றால் வாங்கலாம். பொங்கலுக்கு அந்தப் பணத்தில் மூன்று சார்ட்டும் ஐந்து கலரும் ஒரு குச்சிப் பசையும் வாங்குவது மேல்.

கத்தரிக்கோல் மட்டும் நல்லதாக வாங்குங்கள். முனை உருண்ட, ஆனால் உண்மையில் வெட்டக்கூடிய ஸ்டீல் அலகு உள்ளது. முழுக்க பிளாஸ்டிக்கில் வரும் 'சேஃப்டி' கத்தரி சார்ட்டை மென்று துப்பும். பிள்ளை தனக்குத்தான் வெட்ட வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

கவரும் தபாலும்

கடையில் கேட்டவுடன் கிடைப்பது 9க்கு 4 அங்குலக் கவர். சார்ட்டில் செய்த 3.5 அங்குல அட்டை அதற்குள் போகும். ஏ4 பாதியை மடித்த ஐவரி அட்டை 105 மில்லிமீட்டர் அகலம். கவரோ 102 மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த மூன்று மில்லிமீட்டரில் எல்லா அட்டையும் வெளியே நிற்கும். அதனால் ஐவரி தாளில் செய்பவர்கள், மடித்த அகலம் 95 மில்லிமீட்டர் வரும்படி முன்கூட்டியே வெட்டிக்கொள்ளுங்கள்.

5.5 அங்குல அட்டை 9 அங்குலக் கவருக்குள் இங்கும் அங்கும் ஓடுவது பிடிக்கவில்லை என்றால் சாதா ஏ4 தாளிலேயே கவர் செய்யலாம். தாளை நெட்டுக்கு வைத்து, இரு ஓரமும் 3.3 செ.மீ. உள்ளே மடியுங்கள். கீழிருந்து 9.5 செ.மீ. மேலே மடித்து, ஓரங்களில் மட்டும் குச்சிப் பசை. மேலே இன்னொரு 9.5 செ.மீ. தாண்டியதும் மூடி வரும். மிச்சத்தில் 4 செ.மீ. விட்டு மீதியை வெட்டிவிடலாம். உள்ளகலம் 14.4 செ.மீ., உயரம் 9.5, அட்டை இறுகாமல் உட்காரும். தாள் 80 ஜிஎஸ்எம் என்றால் கவர் 5 கிராமுக்குள், சார்ட் அட்டை 4 கிராமுக்குள். 20 கிராம் வரை 5 ரூபாய் என்ற கணக்கில் பாதியைக்கூடத் தொடாது.

இன்னும் சிக்கனமாக வேண்டும் என்பவர்களுக்கு 50 காசு அஞ்சலட்டையே இருக்கிறது. முகவரிப் பக்கத்தின் பாதி எழுதுவதற்கு, பின்பக்கம் முழுதும் படத்துக்கு. மூடி இல்லாமல் போவதால் போஸ்டர் கலர் வேண்டாம். கலர் பென்சிலும் பால்பாயின்ட் பேனாவும் மட்டும், எதையும் ஒட்டவும் வேண்டாம். நான்கு வயதுப் பிள்ளைக்கு இதுதான் முதல் அட்டையாக இருக்கட்டும்.

பெயின்ட் அட்டையை மூடும் முன் படத்தின்மேல் அதே அளவில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் கலர் உரசாது. முகவரியைப் பெரியவர் எழுதி, ஆறு இலக்கப் பின்கோடை மட்டும் பிள்ளை கட்டம் போட்டு எழுதட்டும். 1, 7 இரண்டும் தெளிவாகத் தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். தபால்தலையை வலது மேல் மூலையில் ஒட்டியபின் அதன் ஓரத்தில் பிசின் போதவில்லை என்றால் குச்சிப் பசையால் ஒரு தடவு. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-இல் வரும். 6-ஆம் தேதிக்குள் பெட்டியில் போட்டுவிட்டால் கிராமத்து முகவரிக்கும் நாள் இருக்கும். தபால் எடுக்கும் நேரம் பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும்; அதைப் பார்த்துப் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துப் போடச் சொல்லுங்கள்.